இறங்கும்போது நாலு பேர்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: அக்கா, காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவள். அவள் தம்பிகளில் சின்னவன், லிஃப்ட் மெக்கானிக். முந்தின ராத்திரியே மூட்டையோடு வந்து இறங்கியவன். அத்தான், அக்காவின் கணவர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டே இருப்பவர், கிளம்பியபாடில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் சிவப்பு ஜாக்கெட்டோடு போட்டோவாக ஒட்டியிருந்த பெரிய தம்பியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அக்கா: ...ரத்த வகைன்னு கேட்ட இடத்துல 'நல்லா இருக்கு'ன்னு எழுதியிருக்கே. ஏன்டா?

சின்னவன்: அவசரத்துல எழுதினது. நீ எப்படியும் திருத்துவேன்னு தெரியும்.

அக்கா: உலகமே வரிசையில நின்னு ஏறுற மலைக்குப் போற மூஞ்சியைப் பாரு. மூணாவது மாடிக்கு வரவே லிஃப்டைத் தேடுறே.

சின்னவன்: தேடல. சத்தம் சரியில்லையேன்னு...

அத்தான்: ஊர்ல ஒருத்தரும் படி ஏறாம பாத்துக்கறதுதான் மாப்ள தொழிலே. இவன் மலை ஏறுறானாம். என் இன்னொரு சாக்ஸ் எங்க?

அக்கா: ரெண்டும் ஒரே கால்லதான் இருக்கு. குனிஞ்சு பாருங்க. ...ஒன்பதாவது கேள்வி.

சின்னவன்: அதை நான் பாத்துக்கறேன், குடு.

அக்கா: கையை எடு. 'இறக்க நேர்ந்தால் உடலைக் கீழே கொண்டுவர வேண்டுமா, அங்கேயே விட்டுவிடலாமா?' வீட்டுல ஒருத்தர் டிக் போட்டுக் கையெழுத்து போடணும். அதான் திடீர்னு அக்கா ஞாபகம்.

சின்னவன்: உன்னை விட்டா எனக்கு வேற யாரு?

அக்கா: எனக்கு ஐஸ் வைக்காதே. போற இடத்துல நிறைய கெடக்கு. ...'செல்லும் இடம்: மூன்றாம் முகாம்.' உச்சிக்குப் போகலையா?

சின்னவன்: மூச்சு வாங்கும்.

அக்கா: அவ்வளவு தூரம் போயிட்டு உச்சிக்குப் போகாதவன் எவன்டா? 'சுமைதூக்குவோர்: ஏறும்போது தேவையில்லை. இறங்கும்போது நாலு பேர்.'

அத்தான்: போகும்போது வெறுங்கை, வரும்போது நாலு பேரா? அங்க என்ன வாங்கப் போற மாப்ள?

அக்கா: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

அத்தான்: இல்ல, நாலு பேர்னா... ஓ.

அக்கா: வாயைத் திறந்து சொல்லேன்டா. ஏழு வருஷமா அங்க கெடக்கறவனைத் தூக்கிட்டு வரத்தானே போறே?

சின்னவன்: போன மாசம் ஒரு குழு பாத்திருக்காங்க. முகாமுக்குக் கொஞ்சம் கீழ. பனி கரைஞ்சிருக்கு. இதே ஜாக்கெட்டுதான், ஃப்ரிட்ஜுல இருக்கே...

அக்கா: ஒருத்தனை வாரிக் குடுத்தது போதாது? உன்னையும் நானே வழியனுப்பணுமா?

சின்னவன்: நீ போடலைன்னா அண்ணன் அங்கேயே கெடப்பான்.

அக்கா: கெடக்கட்டும்... பேனாவைக் குடு. உனக்கு 'கொண்டுவர வேண்டும்.' போட்டாச்சு. செத்து வெச்சு எனக்கு வேலை வைக்காதே. மிச்சப் பக்கமெல்லாம் என்ன?

சின்னவன்: ஒண்ணுமில்ல. எல்லாத்துலயும் அடியில ஒரு கையெழுத்து. சீக்கிரம்க்கா, வண்டிக்கு நேரமாச்சு.

அக்கா: இந்தா. பத்திரமா வை, கசக்காதே. கெளம்பு... டேய், நில்லு.

சின்னவன்: என்னக்கா, வாசல் வரைக்கும் வந்தப்புறம்?

அக்கா: அவனை இறக்க முடியாம போனது பனியால இல்ல. கூட்டிட்டுப் போனவங்க மேலயும் தப்பு இல்ல. அவன் ஃபாரமும் என்கிட்டதான் வந்துச்சு. சோறு தண்ணி இல்லாம மலை மலைன்னு உயிரை எடுத்தான். கடுப்புல 'அங்கேயே விட்டுவிடலாம்'னு டிக் போட்டுக் கையில திணிச்சேன். பாத்துட்டுச் சிரிச்சான், கழுதை.

சின்னவன்: தெரியும்க்கா. அனுமதி கேக்கப் போனப்ப எடுத்துக் காட்டினாங்க. போட்டவங்களே மாத்தி எழுதிக் குடுத்தாதான் அவனைத் தொடலாமாம். அதுதான் பதினாலாம் பக்கம். உன்னைப் பாக்க விடாம போட வெச்சுட்டேன். மன்னிச்சுக்க...

அக்கா: போடா. வண்டி போயிடும்.

அத்தான்: ஏய், அவன் இன்னும் வாசல்லயே நிக்கறான். மூஞ்சிமேலயே கதவைச் சாத்தினே, சரி. பூட்டு வேற எதுக்கு?

அக்கா: திறந்திருந்தா உள்ள வந்து உக்காந்து அழுவான்.

அத்தான்: அதை விடு. ஃபாரம் பாக்கறதே உன் பொழப்பு. பதினாலாம் பக்கத்தைப் படிக்காமலா கையெழுத்து போட்டே?

அக்கா: ராத்திரி அவன் தூங்கினப்புறம் முதல்ல படிச்சதே அதைத்தான்.