மாடி வீட்டு ஆயுள் குத்தகை

எங்கள் மாடிக்கு நல்ல காற்று வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. வெயிலில் சங்கரன்கோவில் முழுக்க வெந்துகொண்டிருக்கும்போதும் அந்த ஜன்னலோரம் விசிறி வேண்டாம். நாற்பத்திரண்டாம் வருஷம் அங்கே குடிபோனோம். அதை விட்டுப் போக எனக்கு மனமில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

என் புருஷன் பேரை நான் சொல்ல மாட்டேன். பத்திரத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தி முதலாளியிடம் இருபது வருஷம் வேலை பார்த்தார். அதற்காக முதலாளி மாடியை அவருக்கு ஆயுள் குத்தகையாக எழுதிக் கொடுத்தார். அவர் உயிரோடு இருக்கும்வரை நாங்கள் இருக்கலாம். அவருக்குப் பிறகு ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். வருஷந்தோறும் சித்திரை ஒன்றாம் தேதி முதலாளியின் காரியஸ்தர் வந்து, ஆள் இருக்கிறாரா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார்.

அவருக்குக் காசநோய் வந்ததும், குத்தகையை என் பேருக்கு நீட்டித் தரும்படி காரியஸ்தர் கருத்தப்பாண்டியிடம் கேட்டேன். நோய்க்குப் பயந்து அவர் படியேறவில்லை. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு தெருவில் நின்றே பேசினார்.

"பொம்பளை பேருக்கெல்லாம் முதலாளி நீட்ட மாட்டாவ மதினி. அண்ணாச்சிக்கு மூச்சு இருக்கிற மட்டும் இருங்க. பொறவு, சிவகிரியில ஒங்க தம்பி வீடு இருக்குல்லா?"

இருக்கிறது. அங்கே எனக்கு அடுப்படியில் ஒரு பாய் போடுவார்கள்.

ஐம்பதாம் வருஷம் வைகாசியில் மதுரை ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். அங்கேயே காரியங்களை முடித்துவிட்டுப் பூவும் பொட்டுமாகத் திரும்பி வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடித்தபசுக் கூட்டத்தில் நல்லக்கண்ணு கிடைத்தான். இளையரசனேந்தல்காரன், மழை பொய்த்து, கோயில் வாசலில் கையேந்திக்கொண்டிருந்தான். அவரைப் போலவே ஒல்லி, அதே முன்வழுக்கை. சோறு போட்டேன். அவர் வேட்டியையும் மூக்குக்கண்ணாடியையும் கொடுத்தேன். வருஷத்தில் ஒரு நாள் ஜன்னலில் உட்கார்ந்து கையை அசைக்க வேண்டும். இதைவிட லேசான உத்தியோகம் தாலுகா ஆபீசில்கூடக் கிடையாது.

மூன்று சித்திரை நன்றாகப் போயின. நாலாவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அவன் ஊர்க்காரன் யாரோ ஜன்னலில் அவனைப் பார்த்து வீட்டுச் சேதியைச் சொல்லிவிட்டான்.

"அம்மா, எம் மவளுக்குக் கல்யாணமாம். நா ஊருக்குப் போறேன்."

"சித்திரை கழியட்டும். பொறவு போலாம்."

"நா என்ன கூட்டுல அடைச்ச கிளியா? தடுத்தியன்னா கருத்தப்பாண்டி அண்ணாச்சிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். உலக்கையால் இரண்டு முழங்காலையும் உடைத்தேன். சத்தம் கேட்காமலிருக்க வாயில் துணி வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் எடுப்பேன். பத்திரத்தைப் பல தடவை படித்திருக்கிறேன், ஐயா. உயிர் இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. காலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

புண் அழுகத் தொடங்கியது. கோயில் புற்றுமண் பூசினேன், கஞ்சி ஊட்டினேன். டாக்டரைக் கூப்பிடவில்லை, டாக்டர் முதலில் பேரைக் கேட்பார். சித்திரை ஒன்றாம் தேதி காலையில் அவன் போய்விட்டான். முகம் துடைத்து, கண்ணாடி மாட்டி, ஜன்னலோரம் நாற்காலியில் சாய்த்து, பின்னால் குனிந்து அவன் கையை நானே தூக்கி அசைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, ரொம்ப மெலிஞ்சிட்டிய?" என்றார் கருத்தப்பாண்டி தெருவிலிருந்து.

"இன்னைக்குப் பேச முடியல அவுகளுக்கு" என்றேன்.

எழுதிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள், வாடை வருகிறது என்று கீழ்வீட்டு இசக்கித்தாய் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். வாடை வந்தது உண்மைதான். ஆனால் காரியஸ்தர் கைப்பட எழுதியிருக்கிறபடி அடுத்த சித்திரை வரை அந்த மாடி என்னுடையது. சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன், தர மாட்டேன்.

நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். மூன்றரை வருஷம் அவனை அவன் பெண்டாட்டிகூடத் தேடி வரவில்லை. நல்லக்கண்ணு உயிரோடு இருக்க வேண்டும் என்று என்னைப்போல ஆசைப்பட்டவர்கள் இந்த உலகத்தில் யாரும் இல்லை.