வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு தனி வரிசை

விசாரணை நடந்த அறையில் கதிரைகள் போதவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் எங்கள் முகாமையாளர் மஸாஹிர். சுவரோரம், பம்பிக் குழியில் இறந்த உமாசுதனின் மனைவி கோபிகா. உடப்பிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர். நடுவில், குற்றம் சாட்டப்பட்ட பம்பித் தொழிலாளி அக்மல். சாட்சியான நான் அலுமாரியில் சாய்ந்து நின்றேன். அது பெரிய விஷயமில்லை.

என் பெயர் றிஸ்மின். எத்தாளையில் உப்புநீர்க் களப்போரம் இருக்கும் எங்கள் இறால் பண்ணைக்கு மதுரங்குளி அலுவலகத்திலிருந்து கணினி வேலை பார்க்கிறேன். நீர்ப்பம்பி எப்போது ஓட வேண்டும், எந்தக் குளத்துக்குத் தீன் போட வேண்டும் என்பதை நான் அமைத்த கணினிதான் நேரம் பார்த்துச் செய்கிறது. ‘தொடங்கு’, ‘நிறுத்தி வை’ என்று தொழிலாளர் கைபேசியில் அனுப்பும் செய்திகள் ஒரு வரிசையில் நின்று, ஒவ்வொன்றாகக் கணினிக்குள் போகும்.

பம்பிக் குழியைத் துப்புரவாக்குவது வெள்ளிக்கிழமை நடுப்பகலில். எல்லோரும் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட, உமாசுதன் மட்டும் உள்ளே இறங்குவான். “நீ குளிச்சிட்டுப் பள்ளிக்குப் போறாய். நான் இறங்கித்தான்டா குளிக்கிற” என்று அவன் அக்மலைச் சீண்டியதை ஒரு முறை நானே கேட்டேன். முன்பெல்லாம் அக்மல் பம்பியின் பியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போவான். அதை நான் சுற்றறிக்கை எழுதி நிறுத்தினேன். மின்சாரம் போனால் கணினிக்குப் பம்பி தெரியாமல் போகும். அதற்குப் பதிலாகச் செய்தி அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் ‘நிறுத்தி வை’ என்ற செய்திகள் குவியும். பாதிக்கு மேல் தேவையற்றவை. வேலை பிந்தட்டும் என்று அனுப்புபவை. நேரத்துக்கு முடிந்த வேலைகளின் வீதம் என் அறிக்கையில் விழுந்துகொண்டே வந்தது. மஸாஹிர் முகம் சுழித்தார். அதனால் வெள்ளிக்கிழமைச் செய்திகளுக்கு இரண்டாவது வரிசை ஒன்றை அமைத்தேன். பன்னிரண்டு மணிக்குப் பின் வருபவை அதில் காத்திருந்து, ஒன்றரை மணிக்கு மொத்தமாக உள்ளே போகும். அறிக்கை திருந்தியது. யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழையபடி பியூஸைக் கழற்றத் தொடங்கியிருப்பார்கள். ஏழு வெள்ளிகள் ஒரு குறையும் வரவில்லை; அந்த நாட்களில் பம்பிக்கு நடுப்பகலில் வேலை இருக்கவில்லை.

எட்டாவது வெள்ளி குளங்களில் உப்பு ஏறியிருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குப் பம்பியை ஓட்டும்படி காலையிலேயே பதிந்திருந்தேன். பன்னிரண்டு எட்டுக்கு அக்மலின் செய்தி வந்து இரண்டாவது வரிசையில் நின்றது. ‘மோட்டர் வேணாம். உமா உள்ளுக்கு.’

அதை வாசித்தேன். ஒரு விசையை அழுத்தினால் முதல் வரிசைக்கு மாறியிருக்கும். ஆனால் கையால் மாற்றினால் அது பதிவாகும். ஏன் மாற்றினாய், எந்த வரிசையிலிருந்து மாற்றினாய் என்று மஸாஹிர் கேட்பார். உமாசுதன் வழமையாக அரை மணித்தியாலத்தில் ஏறிவிடுவான் என்று கணக்கிட்டேன். தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ வேறு செய்திருந்தேன். குத்பாப் பிரசங்கத்துக்குப் பிந்துவது எனக்குப் பிடிக்காது. திரையை அணைத்துவிட்டுப் பள்ளிக்கு நடந்தேன். தொழுகை வரிசையில், இரண்டாம் ஸப்பில் இடம் கிடைத்தது.

ஒன்றே முக்காலுக்கு அலுவலகம் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குப் பம்பி ஓடியதாகத் திரை காட்டியது. அதை எடுப்பதற்கு முன், பதிவில் பன்னிரண்டு எட்டு என்றிருந்ததை ஒன்று முப்பது என்று மாற்றினேன். இரண்டாவது வரிசையை அழித்தேன். பிறகுதான் எடுத்தேன்.

விசாரணையில் அந்தப் பதிவை அதிகாரி வாசித்தார். கோபிகா அக்மலைப் பார்த்தார்.

“நீ நேரத்துக்கு அனுப்பினியா தம்பி? உண்மையச் சொல்லு.”

“அல்லாஹ் மேல சத்தியமா அக்கா, பள்ளிக்குப் போக முந்தியே அனுப்பின. ஒரு பாண ரெண்டாப் பிச்சித் தின்ட ஆக்கள் நாங்க. நான் அவன உட்டுட்டுப் போவனா?” என்றவன் என் பக்கம் திரும்பினான். “றிஸ்மின் நானா, நீங்களாவது சொல்லுங்களே. ஒங்கட கொம்பியூட்டருக்குக் கண்ணில்லயா?”

“பதிவுல இரிக்கிறதத்தான் நான் சொல்லேலும்” என்றேன்.

அதில் பொய்யான சொல் ஒன்றுமில்லை. புதன்கிழமை தீர்மானம் என்று அதிகாரி அறிவித்தார். பிழை அக்மலுடையது என்றால் வேலை போகும். அன்றே அவனைப் பொலிஸிடமும் ஒப்படைப்பார்கள்.

மனச்சாட்சி உள்ளவன் நான். செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, இதையெல்லாம் விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதமாக எழுதினேன். இரண்டு தரம் படியெடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாததை வைத்துக்கொண்டேன். பின்னேரம் தபால் கந்தோருக்குப் போனேன். முத்திரை விற்கும் ஜுனைதா தாத்தா, எங்கள் பேச்சில் அக்கா, முகவரியைப் பார்த்தார்.

“புத்தளத்துக்கா? பஸ்ஸில ஏறினா கையிலயே குடுத்துட்டு வரலாமே. சாதாரணமாப் போட்டா வெள்ளிக்குத்தான் சேரும் மகன்.”

“அவசரமில்ல தாத்தா.”

உறையை ஒட்டினேன். முத்திரை சற்றுச் சரிந்திருந்தது. ஈரம் காய்வதற்குள் நேராக்கிப் பெட்டிக்குள் போட்டேன். வெளியே வந்தபோது மனம் லேசாக இருந்தது. சொல்ல வேண்டியதை நேரத்தோடு சொல்லிவிட்டேன்.