பாம்புச் செவி

நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். என் காதுக் கருவியைச் சான்றுப் பொருள் என்று உறையிலிட்டு முத்திரை வைத்துவிட்டீர்கள். இனி உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் நான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். அது எனக்குப் பழக்கம்தான். தேநீர் நன்றாக இருந்தது. சர்க்கரைதான் சற்றுத் தூக்கல்.

தடய அறிவியல் கூடத்தில் குரல் ஒப்பீட்டுப் பிரிவில் நான் இருந்தது உங்களுக்குத் தெரியும். யாரோ ஒருவன் போனில் மிரட்டியிருப்பான். அந்த ஒலிப்பதிவு எங்களிடம் வரும். பிடிபட்டவனை அதே வாக்கியத்தைப் பேசவைத்து எடுத்த பதிவும் கூடவே வரும். இரண்டும் ஒரே தொண்டையா என்று நான் சொல்ல வேண்டும். என்னை எல்லாரும் பாம்புச் செவிக்காரர் என்பார்கள். நீதிபதிகள்கூட அப்படித்தான் சொல்வார்கள், கொஞ்சம் மரியாதையாக. பாம்புக்குக் காதே கிடையாது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

காது ஒரே நாளில் போகவில்லை. குருவிச் சத்தம் முதலில் நின்றது. ஊரில் குருவி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு குக்கர் விசில், அழைப்பு மணி, மேலதிகாரியின் முணுமுணுப்பு. கடைசியில் சொற்களுக்குள் இருந்த எழுத்துகளே உதிரத் தொடங்கின. வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "கல்யாணமான நாள்லேருந்தே நான் சொல்றது எதுவும் உங்க காதுல ஏறினதில்ல" என்பாள் என் மனைவி. கணவனின் காது எந்தத் தேதியில் பழுதானது என்று கண்டுபிடிப்பது எந்த மனைவிக்கும் கஷ்டம்தான்.

அலுவலகத்திலும் சிரமமில்லை. ஒலிப்பதிவோடு காவல் நிலையத்துக் கடிதம் ஒன்று வரும். இன்னார்தான் குற்றவாளி என்று அதிலேயே எழுதியிருக்கும். கொண்டுவந்த ஆய்வாளர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். எந்த இடத்தில் அவர் புருவம் ஏறுகிறதோ அந்த இடத்தில் நான் மெல்லத் தலையசைப்பேன். கணினித் திரையில் குரலின் படம் ஓடும். அது மேகம் மாதிரி. யானை என்று நினைத்துப் பார்த்தால் யானை தெரியும். நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. அவர்கள் ஏற்கெனவே நம்பியதற்கு நான் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

அப்படி வந்ததுதான் தையல்காரர் வழக்கு. ஜவுளிக்கடை முதலாளி ஒருவருக்குப் போன் வந்தது: "கடையைக் காலி பண்ணு, இல்லேன்னா உள்ள வச்சுக் கொளுத்திடுவேன்." அந்த வாரமே கடை எரிந்தது. உள்ளே காவலாளி படுத்திருந்தார். பிழைக்கவில்லை. அந்தக் கடையிலிருந்து சண்டை போட்டு வெளியேறிய தையல்காரரைப் பிடித்தார்கள். சிறைக்கு முன்பே கூனிப்போன, சின்ன உருவம்.

என் பிரிவில் உதவியாளராக ஒரு பெண் இருந்தாள். வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி. இரண்டு பதிவுகளையும் கேட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், இவருக்கு 'ள' வரவே இல்ல. கொலுத்திடுவேன்னுதான் சொல்றார். எத்தனை தடவை பேசச் சொன்னாலும் அப்படித்தான். போன்ல பேசினவன் அழுத்தந்திருத்தமா 'கொளுத்திடுவேன்'னு சொல்றான். இது வேற ஆள் சார்."

அவள் சொன்ன இரண்டு சொற்களும் எனக்கு ஒன்றாகவே பட்டன. உதட்டிலும் 'ல'வும் 'ள'வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள். "பயத்துல நாக்கு குழறும்மா" என்றேன். "ஒங்களுக்குக் கேக்குதா இல்லையா சார்?" என்றாள். அது சாதாரணக் கோபத்தில் வந்த கேள்விதான். ஆனாலும் அடுத்த மாதமே அவளை ஆவணப் பிரிவுக்கு மாற்றும்படி எழுதினேன். அவளுடைய முன்னேற்றத்துக்காக.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நடமாடும் மனிதர். ஒரு கேள்வியை மேசைக்குப் பக்கத்தில் ஆரம்பித்து ஜன்னலோரம் போய் முடிப்பார். முதுகைக் காட்டிப் பேசுகிறவர்களின் உதட்டை நான் எப்படிப் படிப்பது? அன்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஏதோ கேட்டார். அறிக்கையைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து, "அதை என் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் விளக்கியிருக்கிறேன்" என்றேன். மொத்த நீதிமன்றமும் சிரித்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வக்கீல் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். அவர் என்ன கேட்டார் என்று மறுநாள் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். "உங்களுக்கு உண்மையிலேயே காது கேட்குமா?" என்று கேட்டிருக்கிறார். குரல் நிபுணரின் நகைச்சுவை உணர்வு என்று அதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

தையல்காரருக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்பில் என் பெயருக்கு ஒரு முழுப் பத்தி.

காவலர் பயிற்சிக் கல்லூரியில் அந்த வழக்கைப் பற்றி உரையாற்றக் கூப்பிட்டார்கள். வீட்டில் ஒத்திகை பார்த்தேன். போன் பதிவை முழுச் சத்தத்தில் ஓடவிட்டேன். அப்போதுதான் எனக்கு ஏதோ கொஞ்சம் அதிர்ந்தாற்போல் இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி வாசல்படியில் வந்து நின்று ஏதோ சொன்னாள்.

"கம்பிக் கதவா? பூட்டியாச்சே" என்றேன்.

அவள் பக்கத்தில் வந்து, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "கதவு இல்லங்க. தம்பி குரல். இது நம்ம தம்பி குரல்."

என் மைத்துனன் வீட்டுத் தரகன். ஒரு கட்டடத்தை வாங்க ஆள் இருந்தால், உள்ளே இருப்பவரைக் கிளப்பும் வேலையையும் சேர்த்துச் செய்வான். எங்கள் வீட்டில் அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிவந்தோம்.

அன்று அவளுக்கு இரண்டு விஷயங்கள் ஒன்றாகத் தெரிந்துவிட்டன: தம்பி யார் என்பதும், கணவனுக்குக் காது இல்லை என்பதும். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காதும் காதும் வைத்தாற்போல ஊரின் மறுகோடியில் இருந்த காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தாள். வெளியே மாட்டமாட்டேன், வீட்டில் மட்டும்தான் என்றேன். சரி என்றாள். தினமும் காலையில் அவளே வந்து மாட்டிவிடுவாள். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது மாதிரி, முகத்தை வெகு அருகில் வைத்துக்கொண்டு.

கருவி வந்த முதல் நாள் குழாய் சொட்டுவது கேட்டது. அவள் வேலைசெய்துகொண்டே பாடுவாள் என்பது தெரிந்தது. எத்தனை வருஷமாகப் பாடுகிறாளோ. பிறகு அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். 'ள' அழுத்தந்திருத்தமாக விழுந்தது. என்னை "மாமா" என்று கூப்பிடும்போது இழுப்பானே, அதே இழுப்பு. சந்தேகமே இல்லை.

"தம்பியா இருந்தா என்னங்க, தப்பு தப்புதான்" என்றாள் அவள். "ஒருத்தர் செய்யாத தப்புக்கு உள்ள உக்காந்திருக்கார். நாம போய்ச் சொல்லிடலாம்."

"ஓய்வு பெறும்வரைக்கும் பொறு" என்றேன். "பாராட்டு விழா ஒண்ணு இருக்கு."

பொறுத்தாள். விழா நடந்தது. கேடயம் கொடுத்தார்கள். அதில் ஒரு காது பொறித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு அவள் சொன்னாள், "விழாவும் முடிஞ்சிடுச்சு. நாளைக்குப் போவோம். நீங்க சொல்லலேன்னா நான் சொல்வேன்."

நீங்கள் என் நிலைமையை யோசிக்க வேண்டும். தையல்காரர் ஒருவரோடு அது நின்றுவிடாது. நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு வழக்குக் கட்டையும் பிரிப்பார்கள். அதில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. பார்ப்பது ஆரோக்கியமாகப் படவில்லை. என் காது போனால் போகட்டும், என் கையெழுத்து என்ன பாவம் செய்தது?

மறுநாள் காலை மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மிதவைக் குமிழ் சிக்கிக்கொண்டிருந்தது. கிளம்புவதற்கு முன்னால் அதைச் சரிசெய்துவிடுவோம் என்று அவள் ஏணியைச் சாத்தி மேலே ஏறினாள். தொட்டி நிற்கும் மேடை பின்பக்கச் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கீழே சிமெண்டுத் தரை. நான் மாடிப்படிக்குக் கீழே அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் அவளைத் தொடக்கூட இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

"என்னங்க, ஏணி சாஞ்சிடுச்சு, கொஞ்சம் மேல வாங்க" என்றாள் முதலில். துண்டு கேட்பது போல, சாதாரணமாக. பக்கத்தைத் திருப்பினேன். "சீக்கிரம் வாங்க, விளிம்பைப் பிடிச்சுத் தொங்கறேன், கை வழுக்குது" என்றாள் பிறகு. ஒரு மாடி ஏறி ஏணியை நிமிர்த்தி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். எழுந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் நிலையத்துக்கு வர வேண்டியிருக்கும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. கடைசியாக அவள் சொன்னாள், "கருவி போட்டிருக்கீங்கல்ல? நான்தானே மாட்டிவிட்டேன்."

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நின்றுவிட்டதா, அல்லது எனக்குத்தான் கேட்கவில்லையா என்று தெரிந்துகொள்ள ஒலியை ஒரு படி கூட்டினேன். தொழில் பழக்கம்.

பிறகு கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். எதிர்வீட்டு நர்ஸம்மா கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒங்களுக்குக் கேக்கலையா சார்? தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சே." நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். இந்தக் காது ஓய்வு பெறப்போகிற சமயத்தில்தான் இப்படி ஆனது என்று எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். பாம்புச் செவிக்காரருக்கு வந்த கதியைப் பாருங்கள் என்றார்கள். அக்காவின் சாவுக்கு வந்த மைத்துனன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். என்ன சொல்லி அழுதான் என்று தெரியாது. தோள் நனைந்ததால்தான் அழுகிறான் என்று தெரிந்தது. அவனுக்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த உதவியாளர் பெண் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளாம். சந்தோஷம். கருவி காதில் எப்போது இருந்தது, அதைச் சுற்றி எவ்வளவு சத்தம், ஒலியை யார் எப்போது கூட்டினார்கள் என்பதையெல்லாம் அந்தச் சின்னப் பொருள் தன்னுள்ளே பதிந்துவைக்கும் என்று அவள் கண்டுபிடித்து அறிக்கை கொடுத்திருக்கிறாள். படித்துப் பார்த்தேன். நேர்த்தியான அறிக்கை. யார் முகத்தையும் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. பழைய போன் பதிவையும் மைத்துனன் குரலோடு அவளே ஒப்பிட்டாளாம்; தையல்காரரை விடுவிக்க எழுதிவிட்டீர்கள், மைத்துனனைப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னீர்கள். நல்லது. இப்படி ஒத்துழைக்கும் சாட்சி உங்களுக்குக் கிடைப்பது அபூர்வம்.

ஒன்றுதான் பாக்கி. அந்த அறிக்கை சத்தத்தின் அளவைத்தான் சொல்கிறது, யாருடைய சத்தம் என்று சொல்லவில்லை. நாளைக்கு என் வக்கீல் எழுந்து அது தெருவில் போன யாரோவாக இருக்கலாம் என்று வாதாடுவார். நானாக இருந்தால் அப்படித்தான் வாதாடச் சொல்வேன். அதற்கு இடம் வைக்காதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அது என் மனைவியின் குரல்தான். மூன்று முறையும் அவள்தான். இந்த ஒன்றை மட்டும் நான் காதால் கேட்டுச் சொல்கிறேன்.