கிளுவை வேலி இருந்த இடம்

பொங்கலூரில் பஸ் ஏறிய வயதான அம்மாள் ஒருவர், என் முன் சீட்டில் இருந்த, தனக்குத் தெரிந்த பெண்ணிடம் சொன்னார்: "எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லாமப் போச்சு கண்ணு."

"ஏனுங்கக்கா, வேலித் தகராறு தீந்துருச்சுங்களா?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரரு பனியன் கம்பெனிக்கு வித்துட்டுப் போயிட்டாரு. கம்பெனிக்காரங்க கிளுவை வேலியைப் புடுங்கிட்டு, எங்க பக்கம் ரெண்டடி உள்ள தள்ளி மதில் கட்டிட்டாங்க."

"சும்மாவா உட்டீங்க?"

"கம்பெனி கேட்டு முன்னாடி நின்னு வாய் வலிக்கத் திட்டுனேன். வாட்ச்மேன் இந்திக்காரரு. ஒண்ணும் புரியாம, சேரை நெழல்ல போட்டு உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தாரு."

"அப்புறங்கக்கா?"

"குடிச்சுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். அந்த மனுசனுக்கு நான் எதுக்கு வந்தேன்னே தெரியாது கண்ணு."