சிவப்புக் காரின் இன்ஜின் எண்

பட்டறையில் என்னைச் 'சின்னவர்' என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து நான்கு. அண்ணனுடைய கார் பட்டறையின் மாடியில் குடியிருக்கிறேன். பழைய கார்களைப் புதுப்பிப்பது தொழில். யாரும் மிரட்டாமல், என் விருப்பப்படியே இந்தப் போலீஸ் வாக்குமூலத்தைத் தருகிறேன்.

அண்ணனிடம் அறுபது வருடத்துச் சிவப்பு இத்தாலிக் கார் ஒன்று உண்டு. எங்கள் தங்கையின் கணவரிடம் அதே வயதில் வெள்ளி நிற ஜெர்மன் கார். இரண்டில் எது உசத்தி என்று இருவருக்கும் ஓயாத சண்டை. ஆறு மாதத்துக்கு முன் சிவப்புக் காரின் இன்ஜினைப் பளபளப்பாக்கும்போது, தொழிற்சாலையில் எண் குத்தியிருந்த இடத்தையும் சேர்த்து நான் உரசி, எண்ணை அழித்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இன்ஜின் அந்தக் காரோடு பிறந்ததுதான், ஆனால் அதற்குச் சாட்சி போய்விட்டது. பயத்தில் அதே எண்ணை நானே குத்திவிட்டு, அண்ணனிடம் சொல்லாமல் இருந்தேன்.

அதன் பிறகு, பழைய கார் சேகரிப்பவர் ஒருவர் இரண்டில் ஒன்றைத் தன் காட்சிக்கூடத்துக்கு எடுக்க விரும்பி, நேற்றுக் காலை பத்து மணிக்கு ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பினார். அவர் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்டுறதுக்குச் சிவப்புதான், உடம்பே சிலிர்க்குது. வெள்ளியில பெயிண்ட் மங்கிப்போச்சு, சீட்டு கிழிஞ்சிருக்கு, ஆனா எல்லாம் பிறந்தப்ப வந்தது" என்றார். அதன் பிறகு டார்ச் அடித்துச் சிவப்புக் காரின் எண்ணைப் பார்த்து, "இது பிற்பாடு குத்துனது. இன்ஜின் வேற வண்டியோடது" என்றார்.

தங்கையின் கணவர் சிரித்து, "என்ன மச்சான், சாயம் வெளுத்துருச்சா?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "நீ சொல்லுடா" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டே, "நம்பரை யாரும் தொடலண்ணே" என்றேன்.

தங்கையின் கணவர் மதிப்பீட்டாளரை விலைக்கு வாங்கிவிட்டார் என்று கத்தியபடி, அண்ணன் சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்து மதிப்பீட்டாளரின் தாடையில் அடித்தார். இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. குனிந்து அவற்றைத் தேடியவரின் காதுக்குப் பின்னால் மறுபடி அடித்தார். தடுக்க வந்த தங்கையின் கணவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மதிப்பீட்டாளர் விழுந்த பிறகும் மூன்று அடி விழுந்தது. நான் அடிகளை எண்ணினேன், தடுக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று மாலை நான்கு மணிக்கு மதிப்பீட்டாளர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக நீங்கள்தான் சொன்னீர்கள். அண்ணனை ஜீப்பில் ஏற்றும்போது அவர் என் தோளைத் தட்டி, "நல்லவேளை நீ இருந்த. இல்லாட்டி அந்த ஆளு சொன்னதை நானே நம்பியிருப்பேன்" என்றார்.

எண்ணைக் குத்தியது நான். எழுதியதை வாசிக்கக் கேட்டேன், அத்தனையும் நான் சொன்னதுதான், உண்மைதான். இதை அண்ணனிடம் நீங்களே படித்துக் காட்டிவிடுங்கள், என்னால் ஆகாது.

(கையொப்பம்)