களத்து நெல்லில் ஆசுபத்திரிக்கும் ஒரு பங்கு

கீழப்பனங்குளம் தாய்சேய் நல விடுதியின் தலைமைச் செவிலி ஜெயக்கொடி அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் பணி ஓய்வு நாள் மடல்

அன்பில் அன்னையே! அதட்டலில் அதற்கும் மேலே! வலியோடு வந்தவர்க்கு வாசல் அடைக்காத வள்ளலே! கைகழுவாமல் கட்டிலருகே வந்தவர் கலெக்டரே ஆனாலும் கடிந்து விரட்டிய காவலே! வணக்கம்!

வெளிநாட்டு உதவி நிறுவனம் 1978இல் விடைபெற்றபோது மருந்து நின்றது, சம்பளம் நின்றது, ஜீப்பையும் திருமங்கலம் சாலையில் ஓட்டிப் போய்விட்டார்கள். விடுதிக்கு மூடுவிழாதான் என்று நாங்கள் மூட்டை கட்டியபோது, நீங்கள் மட்டும் கதிரடிக்கும் களத்துக்கு நடந்தீர்கள். கோயிலுக்கும் ஊர்த் தொழிலாளருக்கும் நெல் ஒதுக்கும் களத்தில், ஆசுபத்திரிக்கும் ஒரு பங்கு கேட்டீர்கள். அடடா, என்ன துணிச்சல்!

பெருநிலக்காரர் நல்லகாமன் மூடையோடு வந்தார். நெல் கொடுத்த வீட்டுக்கு மட்டுமே மருந்து, நிலமில்லாத கூலிக்காரருக்குக் கிடையாது என்றார். “பிரசவ வலிக்கு ஏக்கர் கணக்கு தெரியாதுண்ணே. நெல்லைத் தூக்கிட்டுப் போங்க” என்று திருப்பி அனுப்பினீர்கள். அலமாரி காலியாகக் கிடந்த அந்த நேரத்தில், அம்மா, உங்கள்மேல் எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல!

ஆனால் நாற்று நட்டுக் கதிர் அறுக்கும் செல்லக்கிளியும் அவர் கூட்டாளிகளும் தங்கள் கூலி நெல்லில் ஆளுக்கொரு கைப்பிடி அள்ளி வந்து கொட்டினார்கள். அதில் வாங்கிய மருந்தில்தான் நல்லகாமனின் மருமகளும் பிரசவத்தில் உயிர் பிழைத்தார். நல்லகாமனின் மனைவி ஒச்சாயி அம்மாள் களத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்: “அவுக கூலி நெல்லுல நம்ம மருமக பொழச்சு எந்திரிச்சிருக்கா. இன்னும் மீசையத் தடவிக்கிட்டு நிக்காம மூடையத் தூக்குங்க!” அன்று முதல் நிபந்தனையின்றி நெல் வந்தது, எல்லார்க்கும் மருந்து கிடைத்தது.

ஓய்வு நெருங்குகிறது, இனி நீங்களே போய்க் கேளுங்கள் என்று கடந்த தை அறுவடையில் எங்களை மட்டும் களத்துக்கு விரட்டினீர்கள். இந்தப் பங்கு உங்கள் முகத்துக்காக வருவது, உங்களோடு போய்விடும் என்றே பயந்தோம். தயங்கித் தயங்கிக் களத்துக்குப் போன எங்களை நல்லகாமன் ஒரே பேச்சில் அடக்கினார்: “அந்தம்மா வீட்டுக்குப் போனா என்னய்யா? ஊரா போகுது? பேசாம சாக்கப் பிடிங்க!”

கோபிக்காதீர்கள், அம்மா. அன்று களத்தில் உங்களை ஒருவரும் தேடவில்லை. இதைவிட உங்களுக்கு என்ன வெற்றி வேண்டும்!

நோய் நெருங்காத உடலோடும், எங்களை அதட்டிய குரல் குன்றாமலும் நெடுங்காலம் வாழ்க! நாளைக் காலை நிம்மதியாகத் தூங்குங்கள். விடுதியை நாங்களே திறந்துகொள்கிறோம்.

உங்கள் அதட்டலில் வளர்ந்த
விடுதிப் பணியாளர்கள்
கீழப்பனங்குளம், 30-6-1986