குழாயடியில் எடுத்த படம்

அன்னைக்கு யார் யார் இருந்தாங்கன்னு கேக்கறீங்களா? சொல்றேம்மா, எழுதிக்கங்க. பார்வையிட வந்த ஆபீசர் ஒருத்தர். அவர் கூட வந்த இஞ்சினியர், சின்ன வயசு. ஜீப் டிரைவர். எங்க தெரு தையக்கார அக்கா. அவங்க வீட்டுக்காரர், அவரை ரேடியோன்னு கூப்பிடுவோம், யாராச்சும் காதைத் திருகினாத்தான் நிப்பாரு. என் தம்பி. தம்பி சம்சாரம். அப்புறம் நான். மொத்தம் எட்டு. நாய் ஒண்ணும் நின்னுச்சு, அதைச் சேக்கல.

இல்லம்மா, நிதி எப்ப வரும்னு கேக்க வரல. கடலுக்குச் சுவரும் கேக்கல. போன வாரமே உங்க ஆபீஸ் வாசல்ல ஒருத்தர் சொல்லிட்டாரு, எங்க தெருக் கோப்பை மூடறாங்கன்னு. மூடிட்டா அதுல ஏத்தின படமெல்லாம் அழிஞ்சுடுமாமே? அதான் ஓடி வந்தேன். அதுல ஒரு படம் வேணும். ஒண்ணே ஒண்ணு.

நாற்காலி இருக்கட்டும்மா, கொத்தனார் வேலை பாத்தவன், நின்னே பழகிடுச்சு. நீங்க தேடுங்க, எந்தப் படம்னு சொல்லிக்கிட்டே வரேன்.

முதமுதல்ல மனு போட்டப்ப வேற இஞ்சினியர் வந்தாரு. தெருக்குழாய்கிட்ட நின்னு போனைத் தட்டினாரு. திட்டம் இங்கேருந்துதான் தொடங்குதுன்னாரு. அப்பல்லாம் குழாய்க்கும் கடலுக்கும் நடுவுல ரெண்டு வரிசை வீடு. மணல் கொட்டி கரையைத் திரும்பக் கொண்டாறோம், செடி வைக்கிறோம், கல்லு அடுக்கிச் சுவர் கட்டறோம், கால் முடியாதவங்களும் தண்ணி வரைக்கும் போக ஒரு சரிவு போடறோம்னாங்க. நல்ல திட்டம்மா, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கோப்பு நகந்து ஆள் வர நாலு வருஷமாச்சு. கடலுக்குத்தான் யார் கையெழுத்தும் வேணாமே. அது பாட்டுக்கு வேலையை முடிச்சுக்கிட்டே வந்துச்சு. சரிவு இல்லாமலே தண்ணி எங்க வாசலுக்கு வந்துடுச்சுன்னு ரேடியோ சொல்வாரு.

இந்த ஆபீசர் வந்தப்ப குழாயடி கடலுக்குள்ள கெடக்கு. அவங்க போன்ல ஒண்ணு வெச்சிருக்காங்களே, பழைய இடத்துல போய் நின்னாத்தான் அது படம் எடுக்க விடும். கரையில நின்னா சிவப்பு காட்டுது. பயனாளி ஒருத்தர் திட்டப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு அந்த இடத்துல நிக்கணுமாம். அன்னைக்கு அஞ்சு மணியோட கெடு. ஆபீசரும் பாவம், மேல போன் போட்டுக் கேட்டாரு. இடத்தை மாத்தினா புது மனுதான்னுட்டாங்க. புது மனுன்னா மறுபடி நாலு வருஷம். தெரு தாங்காதும்மா.

படகா? ரேடியோவும் அதைத்தான் கேட்டாரு. எங்க தெருவுல யார்கிட்டயும் படகு கிடையாது. நாங்க கடல்ல பொழைக்கிறவங்க இல்ல. தம்பி பெயிண்டர். நல்ல உயரம், ஏணின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. கூரைக்கு வெள்ளையடிக்க ஸ்டூல் கேக்க மாட்டான். குழாயடியில எனக்குக் கழுத்தளவு தண்ணின்னா அவனுக்கு மார்பளவுதான். நான் போறேண்ணேன்னான். அவன் சம்சாரம், சட்டையைக் கழட்டிட்டுப் போங்க, நேத்துதான் துவைச்சேன்னுச்சு. அரசாங்கத்துக்குப் படம் எடுக்கப் போறேன், சட்டை இல்லாமயா நிப்பேன்னான். டிரைவர்கூட சிரிச்சுட்டாரு.

ஒரு கையில பலகை, ஒரு கையில இஞ்சினியரோட போன், தன்னைத்தானே படம் எடுத்துக்க. போறான், நிக்கறான், திரும்பிக் கத்தறான். இன்னும் சிவப்புண்ணே. இஞ்சினியர் கையை ஆட்டறாரு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். நாங்களும் சேந்துதான் போ போன்னோம். அப்புறம் பச்சைண்ணேன்னு ஒரு சத்தம். எல்லாரும் கைதட்டினோம்.

படம் வந்து சேந்துடுச்சும்மா. போன் போச்சு, படம் ஆபீசுக்குப் போயிருக்குன்னு மறுநாள் இஞ்சினியர்தான் வந்து சொன்னாரு. நிதியும் பாஸாச்சு. ஆனா பத்து வீடாச்சும் இருக்கணும்னு ஒரு விதியாமே. பாஸான காயிதம் வந்தப்ப எங்ககிட்ட பத்து இல்ல.

கிடைச்சுடுச்சா? கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கம்மா. கண்ணாடி போட்டுக்கறேன்.

ஆங். இதான். இவன்தான் என் தம்பி.

பலகையைத் தலைகீழா பிடிச்சிருக்கான் பாருங்க, மடையன். கடற்கரை மீட்புத் திட்டம் தலைகீழா நிக்குது. அதையும் சரின்னு வாங்கிக்கிச்சு உங்க மெஷின். பின்னாடி கரையில நாங்க ஏழு பேரு. கைதட்டறது தெரியுது. இவன் வாய் சிரிக்குது, ஆனா கண்ணு போனைப் பாக்கல. போனுக்கு மேல எதையோ பாக்கறான். கரைக்கு முதுகைக் காட்டி நிக்கறான்ல, அலை அவன் பாக்கற பக்கத்துலேருந்துதானே வரணும்.

பலகை மறுநாள் கரை ஒதுங்குச்சு. அவன் ஒதுங்கல.

நீங்க அழாதீங்கம்மா. நீங்க அப்ப இங்க வேலையிலயே இல்லையே. அவன் சம்சாரம் இப்ப அம்மா வீட்டுல இருக்கு. இருந்த படமெல்லாம் வீட்டோட போச்சு. புள்ளைக்கு மூணு வயசு, அப்பா எப்படி இருப்பாருன்னு கேக்குதாம். அதான்.

பிரிண்ட் போட முடியாதா? மேல அனுமதியா... அனுமதி வரதுக்குள்ள கோப்பு மூடிடும். சரி. நீங்க என்னம்மா பண்ணுவீங்க. ஒரு நிமிஷம் பாத்துக்கறேன்.

கோப்பை மூடறதுக்கு முன்னாடி ஒரு கட்டம் நிரப்பணுமா? இப்ப எத்தனை வீடு இருக்குன்னா? இந்தப் படத்துலயே காட்டறேன், விரல் வைக்கலாமா? கறை இல்ல, கழுவிட்டுதான் வந்தேன். இவன் பின்னாடி பதினொண்ணு தெரியுது. கோடியில இந்த ரெண்டும் அந்த மாசமே போச்சு. இந்த மூணு போன மழையில. இது தையக்கார அக்கா வீடு, மெஷினை மட்டும் தூக்கிட்டு வந்தாங்க. பச்சைக் கதவு தம்பியோடது, அவனே அடிச்ச பெயிண்ட். பக்கத்துல இருக்கறது என்னோடது. போன செவ்வாய்க்கிழமை.

காலையில பஸ் ஏறும்போது எண்ணிட்டுதான் வந்தேன். மூணுன்னு போட்டுக்கங்கம்மா.